சிலந்திக்கு ஒரு புலி

வெயில் விழும் சுவரில் ஓர் ஈ உட்கார்ந்திருக்கும். ஒரு முழம் தள்ளி, சாம்பல் நிறத்தில், குட்டைக் கால்களோடு ஒரு சிலந்தி அதையே பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் ஊரும், நிற்கும். மறுபடி ஊரும், நிற்கும். கடைசியில் ஒரே தாவல். ஈ அதன் வாயில். வலை விரித்துக் காத்திருக்காமல், பூனைபோலப் பதுங்கிப் பாய்ந்து பிடிக்கிற இந்தச் சிலந்திக்குத் தமிழில் ஈப்புலி என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, அந்த வேட்டையை நின்று நிதானமாகப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். விரலை அருகே கொண்டுபோனால் அது உடலைத் திருப்பி நம்மை நிமிர்ந்து பார்க்கும். பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வை நமக்குத் தருகிற சிலந்தி அது.

விலங்கியலில் இவற்றைத் தாவும் சிலந்திகள் என்கிறார்கள். 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட, சிலந்திகளிலேயே மிகப் பெரிய குடும்பம் இது. அந்தப் பெருங்குடும்பத்துக்குள் போர்ட்டியா என்றொரு சின்னப் பேரினம் உண்டு. ஏறத்தாழ 20 இனங்கள்தான். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா என்று வெப்பமண்டலக் காடுகளில் வாழ்கின்றன. உடல் நீளம் 5 முதல் 10 மில்லிமீட்டர். கிடைத்தால் பூச்சியும் தின்னும். ஆனால் அது தேடிப் போவது மற்றச் சிலந்திகளை. ஈக்குப் புலி ஈப்புலி என்றால், சிலந்திகளுக்கே புலி போர்ட்டியா.

சிலந்தியைச் சிலந்தி தின்பது புதிதில்லை. போர்ட்டியாவிடம் வியக்க வேண்டியது அது எங்கே போய் வேட்டையாடுகிறது என்பதைத்தான். தன்னைவிடப் பெரிய, நஞ்சுள்ள, பசித்திருக்கிற இன்னொரு வேட்டைக்காரியின் வலைக்குள் காலெடுத்து வைத்து வேட்டையாடுகிறது.

அதன் துணிச்சல் புரிய வேண்டுமானால் வலை என்றால் என்னவென்று தெரிய வேண்டும். வலை கட்டும் சிலந்திகளுக்குப் பெரும்பாலும் பார்வை மிகக் குறைவு. எட்டுக் கண் இருந்தும் வெளிச்சம், நிழல், பக்கத்தில் ஏதோ அசைகிறது என்ற அளவோடு சரி. வலைச் சிலந்தியின் உலகம் நூல்களில் இருக்கிறது. கால் நுனிகளை நூல்மேல் வைத்தபடி அது காத்திருக்கும். கொசு சிக்கினால் ஒரு துடிப்பு, வண்டு சிக்கினால் வேறொரு துடிப்பு. சருகு விழுந்தால் ஓர் அதிர்வோடு முடிந்துபோகும். துணை தேடி வந்த ஆண் ஓரத்தில் நின்று தட்டினால் அந்தத் தாளமே தனி. நமக்கு வலை ஒரு பொறி. அதற்கோ வீடும் காதும் கண்ணும் எல்லாம் அதுதான். அந்த வலையில் வேற்றுக்கால் ஒன்று பட்டால் உடனே தெரிந்துவிடும். வந்தது சிறிதென்றால் பிடித்துத் தின்னும், பெரிதென்றால் தப்பி ஓடும்.

போர்ட்டியா இந்தக் காதுக்குள்தான் பேசுகிறது.

முதலில் அதன் தோற்றம். உடம்பெல்லாம் பழுப்பும் கறுப்பும் வெள்ளையுமாகக் குஞ்சம் குஞ்சமாக முடி. கால்களிலும் அதே குஞ்சங்கள். ஓய்வில் இருக்கும்போது கால்களை உடலோடு ஒடுக்கிக்கொண்டு தொங்கினால், வலையில் ஒட்டிய சருகுத் துணுக்கேதான். நடந்தால் அதைவிட விசித்திரம். ஒரு காலைத் தூக்கும், பாதியில் நிறுத்தும், லேசாக நடுங்கும், வைக்கும். பிறகு அடுத்த கால். மற்ற ஈப்புலிகளின் சுறுசுறுப்பு இதனிடம் துளியும் கிடையாது. காட்டுக்குள் இலைகளின் ஊடே விழுகிற வெளிச்சம் ஆடும்போது சருகு ஆடுகிறதா, உயிர் ஆடுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தச் சருகு வலையின் ஓரத்துக்கு வந்து நிற்கும். பசையுள்ள வலையானாலும் பசையில்லாத வலையானாலும் சிக்கிக்கொள்ளாமல் நடக்கத் தெரியும் அதற்கு. ஆனால் அவசரப்பட்டு உள்ளே போகாது. காலால் நூலை மெல்ல இழுத்து விடும். வாயருகே உள்ள இரண்டு உணர்கைகளால் தட்டும். வயிற்றை ஆட்டி அதிர்வு எழுப்பும். எட்டுக் கால், இரண்டு கை, ஒரு வயிறு. ஒவ்வொன்றையும் தனியாகவும் சேர்த்தும், வேகத்தை மாற்றியும், அழுத்தத்தை மாற்றியும் மீட்டினால் எத்தனை விதம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். வீணைக்காரருக்கே இத்தனை விரல் இல்லை.

வழக்கமான இரைகளுக்கு என்ன தாளம் போட வேண்டும் என்பது அதற்குப் பிறவியிலேயே தெரியும். சிக்கலான இடம் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. முன்பின் அறியாத சிலந்தியின் வலையானால் போர்ட்டியா ஒவ்வொரு தாளமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். வலைக்காரி அசையாமல் இருந்தால் வேறு தாளம். அதுவும் பலிக்கவில்லையென்றால் இன்னொன்று. ஏதோ ஒரு தாளத்துக்கு அவள் திரும்பி ஓரடி எடுத்து வைத்தால், உடனே அதையே பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போடும். அவள் மறுபடி நின்றுவிட்டால் மீண்டும் தேடல். மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் இது நடக்கும்.

சிறிய சிலந்தியானால் பூச்சி துடிப்பதுபோல் மீட்டி, அதை ஓடிவரச் செய்யலாம். பெரிய சிலந்தியிடம் அப்படிச் செய்தால் போர்ட்டியாதான் இரை. அங்கே அது அடக்கமாக, ஒரே சீராக, தூங்க வைக்கிற தாளம் போடும். அவளை நடுவலையிலேயே இருத்திவிட்டுத் தானே மெல்ல நெருங்கும். வீட்டு மூலைகளில் நூல்போன்ற நீளக்கால்களோடு தொங்கும் சிலந்தியைத் தொட்டிருப்பீர்கள். தொட்டதும் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழன்று ஆடும். எதிரி குறிவைக்க முடியாது. அந்தச் சுழற்சியைக் கிளப்பாமல் அதை நெருங்குவதிலும் போர்ட்டியா கைதேர்ந்தது.

நடப்பதும் அதிர்வுதான், எத்தனை மெல்ல நடந்தாலும். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. காற்று அடித்து வலை முழுவதும் குலுங்கும்போது போர்ட்டியா விறுவிறுவென்று முன்னேறும். காற்று நின்றதும் நின்றுவிடும். தன் காலடி அதிர்வு காற்றின் அதிர்வில் கரைந்துபோகிற நேரம் பார்த்து நடக்கிறது. ஸ்டிம்சன் வில்காக்ஸ், ராபர்ட் ஜாக்சன் முதலியோர் 1996-இல் இதைச் சோதனைகளோடு நிறுவினார்கள். காற்று வராவிட்டால்? தானே வலையை ஓங்கிக் குலுக்கி, அந்தக் குலுக்கலின் மறைவில் சில அடி எடுத்து வைப்பதையும் பின்னால் கண்டார்கள்.

இங்கே ஜாக்சனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் சிலந்திகளுக்குக் கொடுத்தவர் அவர். பெயர் சூட்டுகிற வேலை அவருக்கு நெடுங்காலம் முன்பே நடந்துவிட்டது. இப்போது போர்ட்டியா ஃபிம்பிரியேட்டா எனப்படும் இனத்தை, இந்தோனேசியத் தீவுகளில் மருத்துவராக இருந்த டோலஷால் 1859-இல் விவரித்தார். ஃபிம்பிரியேட்டா என்றால் குஞ்சம் வைத்தது என்று பொருள். பேரினத்துக்குப் போர்ட்டியா என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான கார்ஷ், 1878-இல். சரியாக நூறாண்டு கழித்து 1978-இல் ஃபிரெட் வான்லெஸ் பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்து ஒழுங்குபடுத்தினார். இவை எல்லாம் பெரும்பாலும் செத்த மாதிரிகளை வைத்துச் செய்த வேலை. உயிரோடு இருக்கும்போது அது என்ன செய்கிறது என்று காட்டில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியபோதுதான் போர்ட்டியா யாரென்று உலகத்துக்குத் தெரிந்தது.

குயின்ஸ்லாந்துக் காட்டில் பார்த்த ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் தோட்டங்களிலும் காணலாம், வலை நடுவே வெள்ளை நூலால் பெருக்கல் குறிபோல் தைத்துவிட்டு அதன்மேல் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு சிலந்தியை. ஆர்ஜியோபி என்பது அதன் பேரினப் பெயர். போர்ட்டியா அதன் வலையில் கால் வைத்தால், அது வலையையே ஊஞ்சலாகக் குலுக்கி, வந்ததை உதறிவிடும். உதறப்பட்ட போர்ட்டியா என்ன செய்கிறது? வலையையும் சுற்றியுள்ள கொடிகளையும் பாறையையும் நெடுநேரம் பார்க்கிறது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடக்கிறது. தோற்றுப் போகிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். இரை அதன் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பார்த்தால், வலைக்கு மேலே நீண்டிருக்கும் கொடியில் போர்ட்டியா நிற்கிறது! அங்கிருந்து தன் நூலை விட்டு, வலையைத் தொடாமல், காற்றில் செங்குத்தாக இறங்குகிறது. ஆர்ஜியோபியின் நேர் எதிரே வந்ததும் ஒரு ஆட்டம் ஆடி உள்ளே பாய்ந்து கடிக்கிறது. அதன் நஞ்சு சிலந்திகள்மேல் வெகு விரைவாக வேலை செய்யும்.

இது தற்செயலா, திட்டமா? மைக்கேல் டார்சிட்டானோவும் ஜாக்சனும் இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1997-இல் வெளியான அவர்களது சோதனையின் சாரம் இது. உயரமான மேடையில் போர்ட்டியா. அங்கிருந்து பார்த்தால் இரை தெரியும். ஆனால் தாவ முடியாத தூரம். இரைக்குப் போக ஒரு வழி, எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத வழி இன்னொன்று. இரண்டில் எதைப் பிடிப்பதென்றாலும் முதலில் தரைக்கு இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் இரை தெரியாது. சரியான வழியின் தொடக்கம் இரைக்கு எதிர்த்திசையில், தவறான வழியைத் தாண்டிப் போய்த்தான் வரும் என்றும் வைத்தார்கள். போர்ட்டியாக்கள் மேலேயே நின்று பார்த்துவிட்டு இறங்கின. தவறானதைக் கடந்து சரியானதில் ஏறுவதையே அவை பெரிதும் தேர்ந்தெடுத்தன.

மேடையில் நிற்கும்போது அவற்றின் பார்வை எங்கே போகிறது என்றும் பிறகு கவனித்தார்கள். இரையிலிருந்து தொடங்கி, அதனோடு சேரும் பாதையைக் கண்ணாலேயே தடவிக்கொண்டு பின்னோக்கி வருகிறது. பாதை அறுந்துபோனால் பார்வை திரும்பிவிடுகிறது. அறுபடாமல் வருகிற பாதையே மேலும் மேலும் பார்க்கப்படுகிறது. இறங்கும் நேரத்தில் வேலை பாதி முடிந்திருக்கிறது.

இத்தனைக்கும் அந்தத் தலைக்குள் உள்ள மூளை கடுகைவிடச் சிறியது. என்னை இந்தப் பேரினத்தின் பக்கம் இழுத்ததும் இந்த முரண்தான். விடையின் ஒரு பகுதி அதன் கண்ணில் இருக்கிறது.

எட்டுக் கண்களில் ஆறு சிறியவை. ஏறக்குறைய நாற்புறமும் எது அசைந்தாலும் அவை கண்டுபிடித்துவிடும். முன்னால் முகப்பு விளக்குகள்போல் இருக்கிற இரண்டு பெரிய கண்கள் உருவத்தை அறிவதற்கானவை. ஒவ்வொன்றும் ஒரு சிறு தொலைநோக்கிக் குழல். வில்லை முன்னால் அசையாமல் இருக்கும். குழலின் பின்நுனியில் விழித்திரை. குழலைத் தசைகள் அங்குமிங்கும் திருப்பும். விழித்திரைக்கு முன்னால் படத்தைப் பெரிதாக்கும் இன்னொரு ஒளியியல் அமைப்பும் இருப்பதை 1980-இல் கண்டறிந்தார்கள். இதனால் 0.04 பாகை இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளைக்கூட அதனால் பிரித்துப் பார்க்க முடியும். கூர்மையில் மனிதக் கண்ணுக்கு ஆறில் ஒரு பங்கு. பார்வைக்குப் பேர்போன தும்பியைவிடப் பத்து மடங்கு மேல். ஒரு சென்டிமீட்டர் உடம்புக்குள் இந்தக் கண் எப்படி அடங்கியது என்பதே ஓர் அதிசயம்.

ஆனால் அதற்கு விலை உண்டு. விழித்திரை மிகக் குறுகிய ஒரு பட்டை. ஒரு நேரத்தில் சில பாகை அகலம்தான் தெரியும். ஒரு காகிதத்தை ஒல்லியாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு வாசலில் போட்ட பெரிய கோலத்தைப் பாருங்கள். ஒரு புள்ளி தெரியும், ஒரு வளைவு தெரியும். முழுக்கோலம் மனத்தில் விழ வேண்டுமானால் துண்டு துண்டாகப் பார்த்து, பார்த்ததை நினைவில் வைத்து, சேர்த்துத் தைக்க வேண்டும். போர்ட்டியா தன் உலகத்தை அப்படித்தான் பார்க்கிறது. இடத்துக்குப் பதிலாக நேரத்தைச் செலவழிக்கிறது. பெரிய மூளை ஒரே நொடியில் செய்வதை, சிறிய மூளை பொறுமையாக ஒவ்வொரு துண்டாகச் செய்து முடிக்கிறது. அதன் நடையின் மந்தத்துக்கும் நெடுநேரப் பார்வைக்கும் வலையோரத்தில் மணிக்கணக்கான காத்திருப்புக்கும் இதோடு தொடர்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

எல்லா இனங்களும் ஒரே மாதிரி இல்லை. ஒரே இனம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது. குயின்ஸ்லாந்தின் ஃபிம்பிரியேட்டா மற்ற ஈப்புலிகளையும் வேட்டையாடும். அவற்றுக்கும் கூரிய கண் உண்டு என்பதால் அங்கே நூல் தாளம் பலிக்காது. உணர்கைகளைப் பின்னுக்கு மடக்கி மறைத்துக்கொண்டு, மிக மிக மெல்லப் பின்தொடரும். இரை திரும்பிப் பார்த்தால் எந்தக் கால் எங்கே இருந்ததோ அங்கேயே உறையும், திரும்பிக்கொண்டால் தொடரும். மற்ற நாட்டுப் போர்ட்டியாக்களிடம் இந்த நுணுக்கம் காணப்படவில்லை.

அதே குயின்ஸ்லாந்தில் யூரியாட்டஸ் என்ற ஈப்புலி வாழ்கிறது. அதன் பெண், சுருண்ட சருகு ஒன்றை நூல்கட்டித் தொங்கவிட்டு அதற்குள் குடியிருக்கும். ஆண் வந்தால் சருகின்மேல் இறங்கி ஒருவிதமாகக் குலுக்கும். உள்ளிருப்பவள் வெளியே வருவாள். போர்ட்டியாவும் அந்தக் குலுக்கலையே போடும். கதவைத் தட்டுவது யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்? வெளியே வந்தால் எதிரே நிற்பது சருகுபோன்ற ஓர் உருவம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. போர்ட்டியா வாழும் பகுதியைச் சேர்ந்த யூரியாட்டஸ்கள் பல வேளை அதை அடையாளம் கண்டு பாய்ந்து விரட்டிவிடுகின்றன. போர்ட்டியா இல்லாத இடத்திலிருந்து கொண்டுவந்தவற்றுக்கு அந்த அடையாளம் தெரிவதில்லை. வேட்டைக்காரி ஒரு வித்தை கற்றால், தலைமுறைகளின் ஊடே இரையும் ஒரு வித்தை கற்றுக்கொள்கிறது.

பிலிப்பைன்ஸில் போர்ட்டியா லேபியேட்டா. இதே இனம் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. லாஸ் பானியோஸ் என்ற ஊரின் காடுகளில், பசையைத் துப்பி எதிரியை ஒட்டவைக்கும் துப்புச் சிலந்திகள் இருக்கின்றன. அவை ஈப்புலிகளையும் தின்னும். அங்குள்ள லேபியேட்டா சுற்றிவளைத்துப் பின்பக்கமாகப் போய்த் தாக்கும். முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டிருக்கும் தாய்ச் சிலந்தியானால் நேரே முன்னால் போகத் தயங்காது. துப்ப வேண்டுமானால் அவள் முட்டைகளை விட வேண்டுமே. மலைமேலுள்ள சகாடாவில் அந்தத் துப்புச் சிலந்திகள் இல்லை. அவ்வூர் லேபியேட்டாவுக்கு இந்த எச்சரிக்கையும் இல்லை. இரைத் தரப்பிலும் ஒரு பதில் இருக்கிறது. போர்ட்டியாவின் வாடை பட்டால் துப்புச் சிலந்தியின் முட்டைகள் வழக்கத்தைவிட முன்னதாகவே பொரிந்துவிடுகின்றன.

கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் போர்ட்டியா ஆஃப்ரிக்கானாவின் குஞ்சுகள் எண்ணிக்கை அறிகின்றன. சுவரில் காசளவு வெள்ளைப் படலம் நெய்து அடியில் வாழும் சின்னஞ்சிறு சிலந்தியை நம் வீடுகளிலும் பார்க்கலாம். அந்த வகைச் சிலந்தியின் கூட்டருகே போர்ட்டியாக் குஞ்சுகள் காத்திருக்கும். அங்கே ஏற்கெனவே ஒரு குஞ்சு இருந்தால் விரும்பிப் போய் அமரும். யாருமே இல்லையென்றாலோ இரண்டு மூன்று பேர் இருந்தாலோ அந்த விருப்பம் குறைந்துவிடும். 2017-இல் ஃபியோனா கிராஸும் ஜாக்சனும் வெளியிட்ட சோதனையில், போர்ட்டியாவுக்குச் சில இரைகளைக் காட்டி, மறைத்து, மறுபடி காட்டினார்கள். எண்ணிக்கை மாறியிருந்தால் அது தயங்கியது. ஒன்று, இரண்டு, அதற்கு மேல் என்ற அளவில் அதற்கு வேறுபாடு தெரிகிறது.

இதையெல்லாம் அறிவு என்று சொல்லலாமா? வெறும் உள்ளுணர்வு என்று ஒரு சொல்லில் மூடிவைப்பதை நான் ஏற்கமாட்டேன். தண்ணீர் சூழ்ந்த சிறு திட்டில் விட்டால், தாவுவதா நீந்துவதா என்று ஒன்றைச் செய்து பார்க்கிறது; பலிக்காவிட்டால் அடுத்த முறை மற்றதற்கு மாறுகிறது. முயன்று, தவறி, மாற்றிக்கொள்வதற்கு அறிவு என்ற பெயர் தகும். அதற்காக மனித மனத்தை அதற்குள் வைத்துப் பார்ப்பதும் தவறு. ஏட்ரியன் சைகோவ்ஸ்கி 2015-இல் எழுதிய ‘சில்ட்ரன் ஆஃப் டைம்’ நாவலில் போர்ட்டியாக்கள் நாகரிகமே படைக்கின்றன, அது கற்பனைக்குரியது. உண்மையான போர்ட்டியாவின் பெண், கூட வந்த ஆணையே சில வேளை தின்றுவிடும்.

மனிதருக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலோ இலங்கையின் மழைக்காட்டிலோ நடக்க நேர்ந்தால், மர வேர்ப் புடைப்புகளுக்கிடையிலும் பாறை இடுக்குகளிலும் கட்டிய வலைகளைக் கையால் விலக்காதீர்கள். ஓரத்தில் தொங்குகிற சருகுத் துணுக்கைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். காற்று வீசும்போது அது ஒரு விரற்கடை உள்ளே நகர்ந்து, காற்று நின்றதும் தானும் நின்றுவிட்டால், பக்கத்தில் ஒரு கல் பார்த்து உட்காருங்கள். வேட்டை முடிய நேரமாகும்.